மறு: பஃபர் – இடையகமா, தாங்கலா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

வீட்டு ஒலிப்பதிவுக்கும் மேடை எலக்ட்ரானிக் இசைக்கும் சேர்த்து ஒரே இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கிடாரையும் ஸ்பீக்கரையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) வாங்க நினைப்பவர்களுக்கான கையேட்டு வரைவைப் படித்தேன். மைக், கேபிள் பகுதிகளில் கைவைக்க ஒன்றுமில்லை. இடறுவது, பஃபரை இடையகம் என்றும் லேட்டன்சியை மறைநிலை என்றும் சொல்லும் இந்த வரியில்தான்:

> இடையக அளவைக் குறைத்தால் மறைநிலை குறையும்.

இதைப் படித்துவிட்டு, நாளைக்குப் பெங்களூர் கோரமங்களாவில் மேடையேறி வாசிக்கப் போகிற பையன் திரையில் எதைத் தேடுவான்?

முதலில் மறைநிலை. லேட்டன்சி என்ற சொல்லின் வேரைப் பார்த்துச் செய்திருக்கிறோம். பள்ளிப் பாடத்தில் உள்ளுறை வெப்பம் என்பது பொருந்தும்; அங்கே வெப்பநிலை மாறாமல் வெப்பம் உள்ளே போய்விடுகிறது. இங்கே எதுவும் மறையவில்லை. கட்டையைத் தட்டினால் ஒலி கொஞ்சம் பிந்தி வருகிறது, அவ்வளவுதான். அதற்குச் ‘சுணக்கம்’ போதும். ‘வேலை சுணங்கிப்போச்சு’ என்று இன்றும் பேசுகிறோம்.

> சங்கப் பாட்டில் சுணங்கு என்றால் தலைவி மேனியில் படரும் தேமல் அல்லவா? (தில்லியிலிருந்து)

ஆமாம் அண்ணா. ஆனால் மிக்ஸர் முன்னால் நிற்கிற யாருக்கும் அந்த நேரத்தில் தலைவி நினைவுக்கு வர மாட்டாள். தாமதம் என்றே வைத்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். அது, ஒலியை எதிரொலி போலப் பிந்தித் திருப்பித் தரும் டிலே எஃபெக்டுக்கு வேண்டும். டிலே நாமே கேட்டுப் போட்டுக்கொள்வது. சுணக்கம் கேளாமல் வந்து உட்காருவது. ‘தாமதத்தைக் குறை’ என்று ஒருவர் சொன்னால் எந்தக் குமிழைத் திருப்புவது?

இனி பஃபர். கணினிச் சொல் பட்டியல்களில் இடையகம் இருப்பது தெரியும். எனக்கு அதில் ஒலி கேட்கவில்லை. நான் முன்வைப்பது ‘தாங்கல்’. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்று ஊர்ப்பெயரில் நிற்கிறதே, அந்தச் சிறு நீர்நிலைதான். நம் பெங்களூர்க்காரர்கள் கெரே (கன்னடத்தில் ஏரி) என்று நினைத்துக்கொள்ளுங்கள். கணினி ஒரே சீராக ஒலி தராது. ஒரு கொத்துக் கணக்கை முடித்துக் கொட்டும், அப்புறம் வேறு வேலைக்குப் போய்த் திரும்பி வரும். எண்களை மின்னலையாக மாற்றும் சில்லோ ஒரு நொடிகூட நிற்காமல் இறைத்துக்கொண்டே இருக்கும். நடுவில் தேக்கிவைக்க ஓர் இடம் வேண்டும். அது பெரிதாக இருந்தால் வற்றாது, ஆனால் இன்று விழுந்த தண்ணீர் மடைக்கு வந்து சேர நேரமாகும். சிறிதாக இருந்தால் உடனே வரும், கணினி ஒரு கணம் தடுமாறினாலும் வற்றும். வற்றியதைத்தான் ஸ்பீக்கரில் ‘சடசட’ என்று கேட்கிறோம். தாங்கல் என்று வைத்தால் ‘வற்றல்’, ‘வழிதல்’ இரண்டும் கூடவே கிடைத்துவிடுகின்றன. ‘இடையகம் வற்றியது’ என்று எழுதிப் பாருங்கள், வாய் வருகிறதா?

> வேதியியலில் தாங்கல் கரைசல் இருக்கிறதே, குழம்பாதா? (மும்பையிலிருந்து)

குழம்பாது அக்கா. ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான். கிடார் செருகும் இடத்தில் எவரும் அமிலத்தைத் தேட மாட்டார்கள். எனக்குப் பயம் மனத்தாங்கல் மேல்தான்! இந்தக் குழுமத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

கையேட்டில் கணக்கையும் சேர்க்க வேண்டும், வெறும் ‘குறைவு, அதிகம்’ உதவாது. ஒலியை நொடிக்கு இத்தனை முறை என்று அளந்து எடுக்கும் ஒவ்வோர் எண்ணும் ஒரு மாதிரி (சாம்பிள்). 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 மாதிரி வீதத்தில், 64 மாதிரி கொள்ளும் தாங்கல் என்றால் 1.3 மில்லிநொடி, 256 என்றால் 5.3, 1024 என்றால் 21.3. மைக்கில் போய் எஃபெக்டோடு திரும்பும் குரலுக்கு உள்ளே ஒரு தாங்கல், வெளியே ஒரு தாங்கல், ஆக இரட்டிப்பு. சில்லுகளும் டிரைவரும் (இன்டர்ஃபேஸைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) எடுத்துக்கொள்வது தனி. மிடி கீபோர்டில் (ஒலியை அல்ல, எந்தக் கட்டை அழுந்தியது என்பதை மட்டும் கணினிக்குச் சொல்வது) வாசிக்கும் சாஃப்ட் சிந்துக்கு (கணினிக்குள் ஓடும் சிந்தசைசர்) வெளித் தாங்கல் மட்டும். ஒலி காற்றில் ஒரு மில்லிநொடிக்கு ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் போகும். ஆகவே 10 மில்லிநொடிச் சுணக்கம் என்பது ஸ்பீக்கரிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். அதில் வாசித்துவிடலாம். 40-ஐத் தாண்டினால் ஹெட்ஃபோனில் தன் குரலைக் கேட்டுப் பாடுபவர் தன்னையறியாமல் இழுக்க ஆரம்பிப்பார். கையில் போடும் தாளமும் கூடவே இழுபடும்.

வாங்குவதற்கு இதனால் என்ன என்றால், வீட்டுக்கு மட்டும் என்றால் சுணக்கம் பெரிய தலைவலி இல்லை. டைரக்ட் மானிட்டரிங் இருந்தால் குரல் கணினிக்குள் போகாமலே காதுக்கு வந்துவிடும். மிக்ஸிங்கின்போது 1024-இல் வைத்துவிட்டுக் காபி குடிக்கலாம். மேடையில் அந்த வழி அடைபடுகிறது, ஏனென்றால் சிந்தின் ஒலி பிறப்பதே கணினிக்குள். அங்கே 128-இல் வற்றாமல் ஓடும் டிரைவர்தான் காசுக்கு மதிப்பு. முன்பக்கத்து விளக்குகளுக்கும் மாதிரி வீதம் 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டியில் அச்சடித்திருப்பதற்கும் காசு கொடுக்காதீர்கள். வெளியீடும் முக்கியம்: மைக் செட்காரருக்கு இரண்டு வெளியீடு போனால், டிரம்மர் காதுக்குக் கிளிக் (தாளக் கணக்குக்கான ‘டிக் டிக்’) தர இன்னும் இரண்டு வேண்டும். ஃபோகஸ்ரைட் நிறுவனத்தின் ஸ்கார்லெட் 2ஐ2 இன்டர்ஃபேஸில் வெளியீடு இரண்டு. 4ஐ4-இல் நான்கு, மிடி செருகும் இடமும் உண்டு. இந்த ஒரு வித்தியாசத்தை வரைவில் தடித்த எழுத்தில் போடலாம். மேடையில் வைஃபையை அணைக்கச் சொல்லும் வரியும் வேண்டும், தாங்கல் வற்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்டர்ஃபேஸை நான் தமிழாக்க மாட்டேன். ஒலி இடைமுகம் என்று தலைப்பில் ஒருமுறை எழுதிவிட்டு, உள்ளே இன்டர்ஃபேஸ் என்றே போகட்டும். பெங்களூர் எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் அப்படிக் கேட்டால்தான் சரியான பெட்டியை எடுத்து வைப்பார்கள்.

வரைவுக்கு என் வரி:

‘மேடையில் தாங்கலை 128-க்கு இறக்குங்கள், சடசடத்தால் 256-க்கு ஏற்றுங்கள். தாங்கல் ஏற ஏறச் சுணக்கமும் ஏறும்.’

மாற்றுக் கருத்து இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். ரிவெர்பை எதிர்முழக்கம் என்று பாடநூல்படி விட்டுவிட்டேன். டிலேக்குத் தாமதம் போதுமா என்பதை மட்டும் தனி இழையில் பேசிக்கொள்ளலாம்.