புதுப்பிப்பு: இன்டர்ஃபெரோன் ஊசியால ஹெயாரி செல் மயிர் கரையுதா?

முதல்ல எல்லாருக்கும் நன்றி. மட்டக்களப்பு லாப்ல வேலை செய்யிற நான் போன மாசம் கேட்டது, ஹெயாரி செல் லுகேமியாக்கு (வெள்ளணுவச் சுத்தி மயிர் மாதிரி நீட்டம் தெரியிற ரத்தப் புற்றுநோய்) இன்டர்ஃபெரோன் அல்ஃபா எண்ட ஊசி போடுற ஒராள்ட ரத்த ஸ்லைட்ல செல்லெல்லாம் மொழுமொழுண்டு கிடக்கு, மருந்துதான் மயிரக் கரைச்சிட்டா எண்டு.

பதில் சரி வந்தது "புது ரத்தத்துல மெல்லிசா இழுத்து உடன ஃபேன்ல காய வை, மருந்துக்கு முந்தின ஸ்லைடயும் பக்கத்துல வை" எண்டு சொன்ன அண்ணன்ட யோசனைதான். நம்மட மழைக்காலத்து ஈரத்துல மெல்ல மெல்லக் காஞ்ச தடிப்பான இடத்தத்தான் நான் பார்த்திருக்கன், அங்க செல் சுருங்கி உருண்டுபோகும், மெல்லிசான ஓரத்துல பார்த்தா மயிர் அப்படியே இருக்கு, பழைய ஸ்லைட் மாதிரியேதான்.

நான் எதிர்பாராதது, செல்தான் குறைஞ்சிருக்கு. தேடி வாசிச்சன்: இன்டர்ஃபெரோன் இந்தச் செல்ல டிஎன்எஃப் அல்ஃபா எண்ட புரதத்தச் சுரக்க வைச்சு அதாலயே சாக வைக்குது, ஆனா எங்கயாவது ஒட்டிப் பிடிச்சிருக்கிற செல் தப்பிடும். ரத்தம் சுத்தமானாலும் எலும்பு மச்சையில மிச்சம் கிடக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணமாத்தான் எனக்குப் படுது, அதால ரத்த ஸ்லைட மட்டும் பார்த்து சந்தோசப்பட ஏலா.

மயிர் ஆக்டின் நாரால ஆனது. அத உண்மையா மழிக்கிறது இந்த நோய்ல 2011ல கண்டுபிடிச்ச பிராஃப் வி600இ எண்ட மரபணு மாற்றத்தால வாற புரதத்தத் தடுக்கிற வெமுராஃபெனிப் மாதிரி மருந்துகள், லாப்ல வளர்த்த செல்லுல அத காட்டியிருக்காங்க.