வெயிலில் லேசர் டேக் சிக்னல் பிடிக்கவில்லை, உதவி தேவை

ஹட்டனில் இருக்கிறேன். அக்காவின் பிள்ளைகளுக்காக மூன்று வாரமாக வீட்டிலேயே லேசர் டேக் (கண்ணுக்குத் தெரியாத ஒளியால் சுட்டு விளையாடும் பொம்மைத் துப்பாக்கி) செட் செய்கிறேன். அடுத்த கிழமை பாடசாலை லீவு. ஆனால் வெயிலில் துப்பாக்கி வேலை செய்யவில்லை.

துப்பாக்கியில் ஆர்டுயினோ நானோ (சின்னக் கண்ட்ரோல் போர்டு), 940 நானோமீட்டர் ஐஆர் (அகச்சிவப்பு) எல்இடி, முன்னால் லென்ஸ், சட்டையில் அந்த ஒளியைப் பிடிக்கும் விஎஸ்1838பி ரிசீவர், சிக்னல் துடிப்பு 38 கிலோஹெர்ட்ஸ். வீட்டுக்குள் 15 மீட்டர் வரை பிடிக்கிறது. பனிமூட்டக் காலையில் முற்றத்திலும் சரி. வெயில் ஏறினால் 3 மீட்டர்கூட இல்லை.

டிரான்சிஸ்டர் போட்டு எல்இடிக்கு 100 மில்லிஆம்பியர் கொடுத்தேன். ரிசீவர் பக்கத்தில் கெபாசிட்டர் வைத்தேன். பேட்டரியும் புதிது. ரிசீவருக்குக் கறுப்புக் குழாய் மாட்டினால் தூரம் கூடுகிறது, ஆனால் பக்கவாட்டில் சுட்டால் பதிவதில்லை. ஓடி விளையாடும் பிள்ளைகள் நேராகவா நிற்பார்கள்?

சாமான் வாங்கக் கண்டிக்குத்தான் போக வேண்டும், ஒரே தடவையில் சரியானதை வாங்கப் பார்க்கிறேன். ரிசீவரை டிஎஸ்ஓபி வகைக்கு மாற்றுவதா, எல்இடிக்குக் கரண்டை இன்னும் கூட்டுவதா, எது வெயிலில் பலன் தரும்?