அன்னாசி நார்ச் சட்டை: பரோங் போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மக்காத்திவாசி:
மணிலாவில் வேலை பார்த்தபோது ஆபீஸ் நண்பருக்குக் கல்யாணம். கோட் சூட் போட்டு வரட்டுமா என்றேன். "இந்த வெக்கையிலா? பரோங் தகாலோக் வாங்கு" என்றார். அங்கே அது சும்மா சட்டை இல்லை. 1953இல் மாக்சைசாய் பிலிப்பைன்ஸ் அதிபராகப் பதவியேற்றதே பரோங்கில்தான். டிவிசோரியா சந்தையில் ஒன்று வாங்கினேன். "அன்னாசி நாரா?" என்றதற்குக் கடைக்காரம்மா தலையாட்டினார்.

கல்யாணத்தன்று பழக்கதோஷத்தில் சட்டையை உள்ளே செருகிவிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா சர்ச் வாசலிலேயே "ஹிந்தி, ஹிந்தி!" என்று ஓடி வந்தார். அங்கே பேசும் தகாலோக் மொழியில் 'ஹிந்தி' என்றால் 'இல்லை'. தமிழனிடம் வந்து கத்துகிற வார்த்தையா அது! அவரே சட்டையை வெளியே இழுத்துவிட்டார். அதோடு போகவில்லை. துணி கண்ணாடி மாதிரி. உள்ளே போட்டிருந்த நீல பனியனின் எழுத்தைப் பந்தியில் எல்லாரும் படித்தார்கள். உள்ளே போட வேண்டியது காலர் இல்லாத வெள்ளைச் சட்டை, 'கமிசா தே சினோ'. இடுப்பில் ஆயுதம் ஒளிக்கக் கூடாதென்று அந்தக் காலத்தில் ஆண்ட ஸ்பானியர்கள்தான் இப்படி வெளியே விட வைத்தார்கள் என்று பக்கத்தில் இருந்தவர் கதை சொன்னார். வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்பதில்லை.

கப்பல்காரன்:
அண்ணே, நீங்க வாங்கினது அன்னாசி இல்லை, பாலியஸ்டர். அசல் 'பின்யா'வை, அதாவது அன்னாசி நார்த் துணியை, வெளிச்சத்தில் பிடித்தால் இழை ஒரே சீராக இருக்காது, நடுநடுவே பொடி முடிச்சு தெரியும். பரோங்குக்கான இன்னொரு மெல்லிய துணி 'ஹுசி'. அப்படி விற்பதும் இப்போது பெரும்பாலும் மிஷினில் நெய்த ஆர்கன்சா என்ற மெல்லிய பட்டுத் துணிதான்.

என் கூட வேலை செய்தவருக்குச் சொந்த ஊர் பின்யா நெய்கிற கலிபோ. லீவில் கூட்டிப் போனார். ஒரு பாட்டி அன்னாசி இலையைப் பலகையில் கிடத்தி, உடைந்த பீங்கான் தட்டின் விளிம்பால் சுரண்டினார். முதலில் முரட்டு நார் வந்தது. பிறகு தேங்காய்ச் சிரட்டையை எடுத்தார். தலைமுடியை விட மெல்லிசாக ஒரு நார் பிரிந்தது. அதன் நீளம் இலையின் நீளம்தானே? அதனால் ஒவ்வொன்றையும் கையால் முடிச்சுப் போட்டுச் சேர்க்க வேண்டும். நானும் முயன்றேன், மூன்றாவது முடிச்சில் அறுந்தது. பூக்காரம்மாவின் வாழைநார் இதற்கு முன்னால் தாம்புக்கயிறு. தறியில் இருந்த பெண் காலையிலிருந்து உட்கார்ந்தும் ஒரு முழம் தாண்டவில்லை. 2023இல் இந்த நெசவை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். பூவேலை லகுனா மாகாணத்தில் லும்பான் ஊரில் நடக்கிறது. இழையை உருவிச் சல்லடை போலத் தைக்கும் 'கலாடோ'வைப் பார்த்தால் விலை கேட்கத் தோன்றாது, கேட்டால் வாங்கத் தோன்றாது.

டாவோ மாணவி:
பெண்களுக்கு 'டெர்னோ' என்ற விசேஷ கவுன் இருக்கிறதே! ஆகஸ்டில் தேசிய மொழி மாத விழாவுக்கு வாடகைக்கு எடுத்தேன். வண்ணத்துப்பூச்சிச் சிறகு மாதிரி விறைப்பான சட்டைக் கை, தோளுக்கு மேலே எழும்பி நிற்கும். ஜீப்னி என்ற ஷேர் வண்டியில் ஏறினால் இரண்டு பக்கமும் ஆட்கள், கை நசுங்கிவிடும். நின்றே போகலாம் என்றால் கூரை இடிக்கிறது. கடைசியில் சீனியர் அக்கா இரண்டு சட்டைக் கைகளையும் பிரித்து எடுத்துப் பையில் போட்டு, காலேஜ் வாசலில் ஊக்கு குத்திவிட்டார்.

மக்காத்திவாசி:
அப்போ பாலியஸ்டர்தானா! அதான் வாஷிங் மெஷினில் போட்டும் ஒன்றும் ஆகவில்லை.