மிதவை பூட்டிய கப் விமானம்: மூக்கு ஆடுவது நின்றுவிட்டது

முன்பு நான் கேட்டது இதுதான்: என்னுடைய சின்ன பைப்பர் ஜே-3 கப் மாதிரி விமானத்தில் சில்லுகளைக் கழற்றி, தண்ணீரில் இறங்க மிதவை பூட்டியபிறகு, முத்தையன்கட்டுக் குளத்துக்கு மேலே அது மூக்கை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே பறக்கிறதே, ஏன்? வாலைப் பார்க்கச் சொன்ன அண்ணைக்குப் பெரிய நன்றி.

காரணம் அதேதான். மிதவையின் பக்கப்பரப்பில் பெரும்பகுதி ஈர்ப்பு மையத்துக்கு (விமானம் சமநிலையாக நிற்கும் புள்ளி) முன்னால் நீட்டிக்கொண்டு நிற்பதால், பக்கக்காற்று அதைத் தள்ளும்போது மூக்கைத் திருப்பிக் கொண்டுவர வாலின் செங்குத்துச் செட்டை மட்டும் போதவில்லை. 1947இல் முதலில் பறந்த டி ஹாவிலண்ட் பீவர் என்ற உண்மையான விமானத்திலும் மிதவை பூட்டினால் வாலுக்கு அடியில் ஒரு செட்டையோ, கிடைவாலில் இரண்டு சிறு செட்டைகளோ வைப்பார்கள். நான் அடிச்செட்டை வைத்தேன். மெல்லிய ஒட்டுப்பலகையில் வெட்டி, ஓரங்களை அரத்தாளால் தேய்த்து வட்டமாக்கி, ஈரம் ஊறாமல் வார்னிஷ் பூசி ஒட்டினேன். இப்போது காற்று தள்ளினாலும் தானாக நேராகிவிடுகிறது, அப்படி ஒரு சந்தோசம்!

அப்புறம், மிதவை அளவு கேட்ட தம்பிக்கு: உண்மையான விமானங்களுக்கு அமெரிக்க விதிப்படி இரண்டு மிதவையும் சேர்ந்து முழு எடையின் 1.8 மடங்கைத் தாங்கவேண்டும். உண்மையான கப்பின் முழு எடை 1220 இறாத்தல், அதற்குப் பூட்டிய ஈடோ நிறுவன மிதவை ஒவ்வொன்றும் 1320 இறாத்தல் தாங்கும். மிதவையின் அடியில் உள்ள படி (அடிப்பரப்பு சட்டென மேலே ஏறும் வெட்டு) ஈர்ப்பு மையத்துக்குச் சற்றுப் பின்னால் வரட்டும். படி இல்லாமல் செய்தால் தண்ணீர் அடியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், விமானம் எழும்பாது.