அப்பாவின் சங்கைத் தேடி வந்தவர்கள்

எங்கள் வீட்டுச் சாமி மேடையில் ஒரு சங்கு இருக்கிறது. ஒரு சாண் நீளம். மங்கிய வெள்ளை, அங்கங்கே பழுப்பில் மின்னல் போலக் கோடுகள். அப்பா சிங்கப்பூரின் செம்பவாங்கில் கப்பல் பட்டறை வெல்டராக இருந்தபோது, பழுதுபார்க்க வந்த கப்பலின் மாலுமி ஒருவர் கொடுத்தது. வால் நுனி மேலே இருக்கும்படி பிடித்துப் பார்த்தால் வாய் வலப்பக்கம் திறந்திருக்கும். அதனால் அம்மா அதை வலம்புரிச் சங்கு என்றே நம்பினார். நாற்பது வருடத்துக்கு மேலாக வெள்ளிக்கிழமை தவறாமல் அதன் முன்னால் விளக்கேற்றி வந்தார்.

போன ஆண்டு அப்பா தவறிவிட்டார். சிறுநீரகம் பழுதாகி ஆறு வருடம் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர். செமாக்காவ் தீவுக்குத் தெற்கே சுமார் 2.8 கிலோமீட்டர் தள்ளி அஸ்தி கரைக்க ஒதுக்கிய கடல் பகுதிக்குப் படகில் போய்க் கரைத்துவிட்டு வந்தோம். பதினாறாம் நாள் காரியத்துக்குத் தெரிந்தவர் ஒருவரோடு வந்த ஆள், சாப்பிடக்கூடப் போகாமல் சாமி மேடை முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு மாதம் கழித்து மூன்று பேர் வந்தார்கள். வெள்ளை வேட்டி, தோளில் நீலத் துண்டு. நான் வேலைக்குப் போயிருந்தேன். வீட்டில் அம்மா மட்டும்தான். பேச்செல்லாம் அத்தனை மரியாதையாக இருந்ததாம். "இது மன்னார் வளைகுடாவில எடுத்த சங்கும்மா. இதை எடுத்த பரவப் பையன் இதைப் பிடிச்சபடியே தண்ணிக்குள்ள செத்தான். அவன் சாபம் இதுல இருக்கு. எந்த வீட்டுல இருக்கோ அந்த வீட்டுத் தலைவனைக் கொண்டுபோகும்" என்றார்களாம். அஸ்தி கடலிலும் சங்கு வீட்டிலும் இருப்பதால் அப்பாவின் ஆவி இரண்டுக்கும் நடுவே அலைகிறது என்றும் சொல்லியிருக்கிறார்கள். சங்கையும் 3,800 சிங்கப்பூர் வெள்ளியையும் கொடுத்தால் கடல் சாந்தி செய்து தருவார்களாம்.

அம்மா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு தடவையாக 800 வெள்ளி கொடுத்திருக்கிறார். சங்கை மட்டும் அப்பாவின் நினைவாக விட மனசு வரவில்லை. ஆறேழு வாரம் சரியாகத் தூங்கவே இல்லை. ராத்திரியில் சங்கிலிருந்து 'ஓ'வென்று சத்தம் வருகிறது என்பார். மின்விசிறியை நிறுத்தினேன், சத்தம் அடங்கிவிட்டது. சங்கின் குடைவு சுற்றியிருக்கும் இரைச்சலை வாங்கித் திருப்பித் தரும், அவ்வளவுதான். ஆனால் பயந்தவருக்கு அது ஆறுதலா? ஒருநாள் விடியற்காலை சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "வெளக்கேத்தி வெளக்கேத்தி நானே உங்கப்பாவக் கொன்னுட்டேனாடா?"

பணம் போனதை நான் மன்னித்துவிடுவேன். இந்தக் கேள்வியை அம்மாவின் வாயில் போட்டதை என்னால் மன்னிக்க முடியாது. ஆறு வருடம் அப்பாவின் சாப்பாட்டில் உப்பை அளந்து அளந்து போட்டவர் அவர்.

அவர்கள் யார் என்று பார்த்துவிடலாம் என்று, சங்கைக் கொடுக்கப்போகிறவன் மாதிரி ஒரு அமாவாசை இரவு போனேன். கிழக்குப் பக்கம் ஒரு சாதாரண வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. வெளியே செருப்புகள், தொட்டியில் துளசி. உள்ளே திரைச்சீலையெல்லாம் இழுத்துவிட்டு ஒரே ஒரு நீல விளக்கு. பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். படித்தவர்கள், நல்ல வேலையில் இருப்பவர்கள். எல்லாரும் 'ஐயா' என்று கூப்பிட்ட மனிதர் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் அகலமான பித்தளைத் தட்டு, அதில் கல்லுப்பு மேடாகக் குவித்திருந்தது. உப்பின் மேல் கடல் பொருள்கள்: சிப்பி ஒட்டிய உடைந்த கிண்ணம், துருப்பிடித்த கப்பல் ஆணி, சோழிக் கொத்து, பவளப்பாறைத் துண்டு, மூக்கு உடைந்த காமாட்சி விளக்கு. ஒவ்வொன்றும் சாபம் பிடித்ததாம், ஏழு சேர்ந்தால் கடலரசன் இவர்களுக்குக் கட்டுப்படுவானாம்.

நடுவில் உப்பைத் தோண்டி ஒரு குழி வைத்திருந்தார்கள். ஒரு சாண் நீளம். ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் வால் போலக் குறுகல். எங்கள் சங்கின் அளவு. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்பாவின் பதினாறாம் நாள் சோற்றை நாங்கள் பரிமாறிக்கொண்டிருந்தபோது, ஒருவர் இதைக் கண்ணால் அளந்துகொண்டு போயிருக்கிறார்.

மறுவாரம் எங்கள் புளோக்கில் சிப்பி, சங்கு சேகரிக்கும் சீனப் பெரியவர் ஒருவரிடம் அம்மாவையும் சங்கையும் கூட்டிக்கொண்டு போனேன். அவரும் அம்மாவும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள். அவர் ஒன்றும் விளக்கவில்லை. தன்னிடமிருந்த தூத்துக்குடிச் சங்கை எடுத்து, அம்மாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்து அதன் வாய்க்குள் விட்டார். நடுத்தண்டில் மூன்று நான்கு வரப்பு, படிக்கட்டு மாதிரி. அப்புறம் எங்கள் சங்கில் விடச் சொன்னார். அம்மா விரலை முன்னும் பின்னும் நகர்த்தினார். "வழவழன்னு இருக்கேடா" என்றார்.

நம் கடல் சங்கில் வலம்புரி மிக மிக அபூர்வம். ஆனால் மெக்சிகோ வளைகுடாவிலும் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் வாழும் வேறொரு இனத்துக்கு வலப்பக்கம் வாய் திறப்பதுதான் வழக்கம். மின்னல் கோடு இருப்பதால் அங்கே அதற்கு மின்னல் பெயரே உண்டு. டெக்சஸ் மாநிலத்தின் சின்னங்களில் அதுவும் ஒன்று. அதன் நடுத்தண்டில் வரப்பு இருக்காது. அதைத்தான் பல இடங்களில் வலம்புரி என்று விற்கிறார்கள். அப்பாவுக்குக் கொடுத்த மாலுமி அந்தப் பக்கத்துத் துறைமுகத்தில் வாங்கியிருக்க வேண்டும்.

"அப்ப செத்துப்போன அந்தப் பரவப் பையன்?" என்று கேட்டார் அம்மா.

"அப்படி ஒருத்தனே இல்லம்மா."

அம்மா அங்கேயே அழுதார். எனக்கு இன்னொரு ஆத்திரமும் உண்டு. தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் சங்கு குளித்தவர்கள் மூச்சை அடக்கி, சுறாவுக்கும் நீரோட்டத்துக்கும் நடுவே உயிரைப் பணயம் வைத்தவர்கள். அவர்களில் ஒருவரைச் சாபம் விடுகிற பிணமாக்கிக் காசு பார்ப்பது எவ்வளவு பெரிய பாவம்!

மோசடி பற்றிக் கேட்பதற்கான 1799 உதவி எண்ணுக்கு அழைத்து விவரம் கேட்டேன், போலீசிலும் புகார் கொடுத்தேன். அதற்கப்புறம் ஒரு தடவை அவர்கள் வந்தார்கள். கம்பிக் கதவைத் திறக்காமல் அம்மாவே பேசினார். "இது அமெரிக்காச் சங்கு, உங்க கடலரசனுக்குத் தமிழ்ச் சங்குதானே வேணும், போங்க." இப்படி யார் வீட்டுக்காவது வந்திருந்தால் எழுதுங்கள்.

துவாஸிலிருந்து ஒருவர்:

அண்ணே, நான் ராமநாதபுரம் பக்கம். எங்கள் ஊரில் சங்குக்குப் பதில் கலசம். 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது கடலுக்குள் போன கோயில் கலசம், இடி விழுந்து இரிடியமாகிவிட்டது, அரிசியை இழுக்கும் என்று சித்தப்பாவிடம் சொன்னார்கள். எங்கள் கண் முன்னாலேயே அரிசி போய் ஒட்டியது. உள்ளே காந்தம், அரிசியில் இரும்புத்தூள். இரிடியம் அரிசியை இழுக்காது, இடி விழுந்து செம்பு இரிடியமாகவும் ஆகாது. அது தெரிவதற்குள் சித்தப்பா இரண்டரை லட்சம் கொடுத்துவிட்டார். போன பணத்தைவிட, கொடுத்தவர்களை ஊரே கேலி செய்ததுதான் அவரை முடக்கிப்போட்டது. உங்கள் அம்மாவிடம் யாரும் அப்படிப் பேசவிடாதீர்கள்.

பொங்கோலிலிருந்து ஒருவர்:

மூக்கு உடைந்த காமாட்சி விளக்கு என்று படித்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. அது பித்தளைதானா? பின்பக்கம் யானையில் ஒன்றுக்குத் தும்பிக்கை தேய்ந்திருந்ததா? என் பெரியம்மாவின் விளக்கு அப்படித்தான் இருக்கும். தாத்தா நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பலில் வந்தபோது துணியில் சுற்றிக் கொண்டுவந்தது. கப்பல் ஆட்டத்தில் விழுந்துதான் மூக்கு உடைந்தது என்பார். பெரியப்பா இறந்த பிறகு அதைக் கடலில் விட்டுவிட்டேன் என்றார் பெரியம்மா, நாங்களும் நம்பினோம். நீலத் துண்டு போட்டவர்கள் இரண்டு முறை வந்துபோனதைப் பக்கத்து வீட்டு அக்கா இப்போதுதான் சொல்கிறார். பெரியம்மாவுக்கு வயது 83. யாரிடம் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார். சாபம் திரும்பி வந்துவிடும் என்று பயப்படுகிறார்.

சங்கு பற்றி முதலில் எழுதியவர், ஈசூனிலிருந்து மறுபடியும்:

அக்கா, பித்தளைதான். யானை இருந்தது நினைவிருக்கிறது. தும்பிக்கையை நீல வெளிச்சத்தில் சரியாகப் பார்க்கவில்லை. தட்டின் இடது ஓரத்தில், கப்பல் ஆணிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். திரி போடும் இடத்தில் உப்பு அப்பியிருந்தது. அந்த வீட்டு முகவரி என் புகாரில் இருக்கிறது. நீங்கள் புகார் கொடுக்கும்போது நானும் வருகிறேன், பார்த்ததைச் சொல்கிறேன். வீட்டில் பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். தீபாவளி, கல்யாணப் படங்களில் பின்னால் விளக்கு தெரியும்.

பெரியம்மாவிடம் நாம் எதுவும் கேட்க வேண்டாம். சனிக்கிழமை அம்மா வருகிறேன் என்கிறார். சங்கையும் எடுத்துக்கொண்டு வருகிறாராம், பெரியம்மாவின் விரலை உள்ளே விட்டுக் காட்ட.