பொருள்: பைட்டு வரிசைக்கு ‘பெருமுந்தி, சிறுமுந்தி’ – ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். கணினி அமைப்பும் அசெம்பிளி மொழியும் பாடத்துக்கான சொற்பட்டியலில் பதிவகம், முகவரி, குறுக்கீடு ஆகியவற்றை அதிக வாதமின்றி ஏற்றுக்கொண்டோம். பல பைட்டுகள் கொண்ட ஓர் எண்ணை நினைவகத்தில் வைக்கும்போது எந்தப் பைட்டு முதலில் வரும் என்பதைக் குறிக்கும் ‘எண்டியன்’ (endian) மட்டும் இன்னும் முடியவில்லை. இதுவரை வந்த பரிந்துரைகள் எதனால் எனக்கு ஒப்பவில்லை என்பதைச் சொல்லிவிட்டு, என் முன்மொழிவை வைக்கிறேன்.

முதலில், இந்தச் சொல் மாணவருக்கு எந்த இடத்தில் தேவைப்படுகிறது என்று பார்ப்போம். நான் படித்த காலத்தில் இன்டெல் 8085 என்ற செயலியின் பயிற்சிப் பலகையில் நிரலை எண்களாகவே தட்டச்சு செய்வோம். திரளகத்தில் (கணக்கீட்டு விடை தங்கும் பதிவகம்) உள்ள மதிப்பை 2050 என்ற முகவரியில் சேமிக்கும் எஸ்டிஏ (STA) கட்டளைக்குரிய எண் 32. நான் 32, 20, 50 என்று உள்ளிட்டேன். 2050-ஐத் திறந்து பார்த்தால் பழைய மதிப்பே இருந்தது. உள்ளிட வேண்டியது 32, 50, 20. நான் கொடுத்ததைச் செயலி 5020 என்று படித்துக்கொண்டது. ஆய்வகப் பொறுப்பாளர் “மாற்றிப் போடு” என்றார், போட்டேன். ஆனால் மாற்றுவது எதை, எதுவரை என்று புரியவில்லை. அடுத்த வாரமே 50-ஐ 05 என்று திருப்பி எழுதி இன்னொரு முறை தவறினேன். இடம் மாறுவது பைட்டுகள்தாம்; இங்கே 20 ஒரு பைட்டு, 50 ஒரு பைட்டு. ஒரு பைட்டுக்குள் இருக்கும் இலக்கங்கள் மாறுவதில்லை. இவ்வளவையும் ஒரு சொல் நினைவூட்ட வேண்டும்.

‘பெருமுடிவு, சிறுமுடிவு’ என்ற பரிந்துரை இங்கேதான் இடறுகிறது. கணினி அறிஞர் டேனி கோஹென் 1980 ஏப்ரல் 1 தேதியிட்ட தம் குறிப்பில் ‘பிக் எண்டியன், லிட்டில் எண்டியன்’ என்ற பெயர்களைக் கையாண்டபோது, ஜோனதன் ஸ்விஃப்ட் 1726-இல் வெளியிட்ட கலிவர் கதையிலிருந்து அவற்றை எடுத்துக்கொண்டார். முட்டையை அகன்ற முனையில் உடைப்பதா, குறுகிய முனையில் உடைப்பதா என்று லில்லிபுட்டியர் சண்டையிடும் கதை அது. ஆகவே அந்தச் சொல் குறிப்பது எந்த முனையில் தொடங்குகிறோம் என்பதையே தவிர, எதில் முடிக்கிறோம் என்பதை அன்று. ‘பெருமுடிவு’ என்றால் பெரியது கடைசியில் வரும் என்றுதான் தமிழ் மாணவர் கொள்வார். உண்மை அதற்கு நேர் எதிர். ‘பெருமுனை’ என்பதில் இந்தத் தவறு இல்லை என்றாலும், முட்டைக் கதை தெரியாதவருக்கு அது எதையும் உணர்த்தாது.

‘எண்டியன்’ என்றே எழுதிவிடலாம் என்ற கருத்துக்கும் மதிப்பு உண்டு. ஆனால் தமிழில் ‘எண்’ என்று தொடங்கியவுடன் அது எண்ணிக்கையோடு தொடர்புடைய சொல் என்ற மயக்கம் வந்துவிடுகிறது. என் மாணவர் ஒருவர் விடைத்தாளில் ‘லிட்டில் இந்தியன்’ என்றே எழுதியிருந்தார்.

‘மேல்முதல், கீழ்முதல்’ என்பதை நான் ஏற்காததற்குக் காரணம் நினைவகப் படம். சில நூல்களில் சுழியம் என்ற முகவரி மேலே இருக்கிறது, சிலவற்றில் கீழே இருக்கிறது. படத்தைப் பொறுத்துச் சொல் பொருள் மாறக் கூடாது. ‘பெருமுதல், சிறுமுதல்’ கிட்டத்தட்டச் சரிதான், ஆனால் ‘பெருமுதல் செயலி’ என்று படிக்கும்போது பெருமுதலாளிதான் என் கண்முன் வந்து நிற்கிறார். ‘கடைமுதல்’ என்பதோ மளிகைக்கடைக்குப் போட்ட பணம்.

எனவே ‘முந்து’ என்ற வினையிலிருந்து ‘முந்தி’ என்று ஆக்கலாம் என்கிறேன். முந்தி வருவது பெருமதிப்புப் பைட்டு (எண்ணின் உயர்நிலை இலக்கங்களைக் கொண்டது) என்றால் பெருமுந்தி. சிறுமதிப்புப் பைட்டு என்றால் சிறுமுந்தி. பொதுப்பெயர் ‘பைட்டு முந்துமுறை’. புடவையின் முந்தியோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். உடுத்தும்போது கடைசியில் தோளுக்கு வருவதைத்தான் முந்தி என்கிறோம் என்பதை எண்ணினால் எனக்கும் சிரிப்புதான். ஆனால் நினைவகத்தைப் பற்றிய வாக்கியத்தில் புடவை நுழைய வழியில்லை.

பதினாறை அடியாகக் கொண்ட (ஹெக்சாடெசிமல்) எண்ணான 12345678-ஐ வைத்துச் சோதித்தேன். முகவரி ஏறும் வரிசையில் பெருமுந்தி முறையில் 12, 34, 56, 78 என்றும், சிறுமுந்தி முறையில் 78, 56, 34, 12 என்றும் அமையும். 1964-இன் ஐபிஎம் சிஸ்டம்/360, மோட்டோரோலா 68000 ஆகியவை பெருமுந்தி; இன்டெல் 8085, 8086 ஆகியவை சிறுமுந்தி. இணைய நெறிமுறைகளின் தலைப்பகுதி எண்கள் பெருமுந்தி வரிசையில் செல்வதால், சிறுமுந்திக் கணினி அவற்றை அனுப்பும் முன் திருப்பிக்கொள்கிறது. ஆர்ம் (ARM) செயலி போல இரண்டு முறைகளிலும் இயங்க வல்லதை இருமுந்தி எனலாம். பிடிபி-11 (PDP-11) என்ற பழைய கணினி அதே 32 பிட் எண்ணை 34, 12, 78, 56 என்று வைக்கும் விந்தைக்கும் ‘கலப்புமுந்தி’ என்ற பெயர் தடையின்றிப் பொருந்துகிறது. ஒரு சொல் இவ்வாறு கிளைக்க முடிகிறதா என்பதையே நான் முதன்மையாகப் பார்க்கிறேன். ‘முடிவு’ அப்படிக் கிளைக்கவில்லை.

வகுப்பில் விளக்கவும் உவமை கையிலேயே இருக்கிறது. அஞ்சல் உறையில் பெயர், கதவு எண், தெரு, ஊர், மாவட்டம் என்று எழுதுகிறோம், அது சிறுமுந்தி. நிலப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் என்று வருகிறது, அது பெருமுந்தி. இரண்டும் ஓர் இடத்தையே காட்டுகின்றன, இரண்டிலும் ‘தஞ்சாவூர்’ என்ற பெயரின் எழுத்துகள் தலைகீழாவதில்லை. அன்று 50-ஐ 05 ஆக்கிய எனக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

ஒரே ஓர் ஐயம் எனக்கே தீரவில்லை. ‘சிறுமுந்திச் செயலி’ என்று ஒற்று மிகுத்து எழுதுவதா, கலைச்சொல் தனித்துத் தெரியட்டும் என்று ‘சிறுமுந்தி செயலி’ என்றே விடுவதா? மேலே ஒற்றிட்டே எழுதியிருக்கிறேன். இலக்கணம் அறிந்தவர்கள் சொன்னால் ஆய்வகக் கையேட்டின் மூன்றாம் பயிற்சியை அதற்கேற்பத் திருத்தி இங்கே இடுகிறேன்.