ஓவனில் சூடாக்கின அரிசி போத்தலில் வருஷக்கணக்கில் நிக்குமோ?

உப்புவெளி அக்கா:
மாரிக்கு முன்னம் சாமான் சேர்க்கிறவைக்கு ஒரு வழி. காஞ்ச கண்ணாடிப் போத்தலுக்குள்ள அரிசி, பயறு, உழுந்து எதையெண்டாலும் நிரப்பி, 100 பாகையில ஒரு மணித்தியாலம் ஓவனில விட்டு, சுடச்சுட மூடியை இறுக்குங்கோ. ஆறேக்க மூடி ‘டிக்’ எண்டு உள்ள இழுபடும். பிறகு வண்டும் வராது, பூஞ்சணமும் வராது. 2022இல காஸுக்கு லைனில நிண்டதை அதுக்குள்ள மறந்திட்டியளோ?

தபால்கந்தோர் வீதி:
மூடி இழுபட்டால் சூடான காத்து ஆறிச் சுருங்கியிருக்கு, அவ்வளவுதான். கிருமி செத்ததுக்கு அது சாட்சியில்லை அக்கா. பொட்டுலிசம் எண்ட கொடிய உணவு நஞ்சை உண்டாக்கிற கிருமியின்ர வித்திகள் அழிய அழுத்தத்தோட 116 – 121 பாகை நீராவி வேணும். ஓவனின்ர காஞ்ச சூடு போத்தலின்ர நடு அரிசிக்குப் போய்ச் சேரவே கனநேரம் எடுக்கும். கண்ணாடியும் அந்தச் சூட்டுக்கெண்டு செய்ததில்லை, வெடிக்கலாம். அமெரிக்காவில வீட்டு உணவுப் பதனிடலுக்கெண்டே இருக்கிற தேசிய மையமும் இந்த முறையை வேண்டாம் எண்டுதான் சொல்லுது.

உப்புவெளி அக்கா:
அதெல்லாம் இறைச்சிக்கும் மரக்கறிக்கும் தம்பி. காஞ்ச அரிசியில என்ன கிருமி? தண்ணியே இல்லையே.

தபால்கந்தோர் வீதி:
இருக்கு. நெல் சந்தைப்படுத்தல் சபை நெல்லை வாங்கிறதே 14 வீத ஈரம் வரைக்கும். அதைக் குத்தின 10 கிலோ அரிசிக்குள்ள ஒரு லீற்றருக்கு மேல தண்ணி ஒளிச்சிருக்கு. காத்துப் புகாமல் நெடுநாள் வைக்கிறதெண்டால் ஈரம் 10 வீதத்துக்குள்ள நிக்கவேணும். நீங்கள் சூடாக்கி உடன மூட, அந்த ஈரம் ஆவியாகிப் போத்தலின்ர தோளில முத்து முத்தாக் கட்டும். அது வடிஞ்சு அடியில ஒரு பிடி அரிசியை நனைச்சால் போதும். நல்லாக் காஞ்ச தானியத்தில பொட்டுலிசம் வளராது, அதில நீங்கள் சொன்னது சரி. வேர்த்த போத்தலுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. காத்தில்லாத இடம்தான் அந்தக் கிருமிக்கு வாசி.

தம்பலகாமத்தான்:
ரெண்டு பேரும் ஏன் அரிசியைக் கட்டிப்பிடிக்கிறியள்? நெல்லா வையுங்கோ. உமியை விட நல்ல மூடி எந்தக் கடையிலயும் இல்லை. சாக்கில கட்டி, தரையில படாமல் பலகைக்கு மேல அடுக்கினால் சரி.

கிண்ணியா மருமகன்:
அண்ணன், 2022இல எங்கட பக்கத்து மில்லுக்கு டீசல் இல்லாம நெல்லு மூட்டை மூட்டையாக் காத்துக் கிடந்தது. நெல்லு இருந்தும் சோறு இல்லை.

தம்பலகாமத்தான்:
உரலும் உலக்கையும் இருக்கே.

உப்புவெளி அக்கா:
நான் மேல்மாடியில வாடகைக்கு இருக்கிறன். உலக்கை போட்டால் கீழ்வீட்டுக்காரர் நேர பொலிசுக்குத்தான் போவினம்.

தபால்கந்தோர் வீதி:
ஆடியில கச்சான் காத்து அடிக்குமே, அதைப் பாவியுங்கோ. அரிசியைப் பாயில பரப்பி நல்லாக் காயவிட்டு, முழுக்க ஆறவைச்சுப் பையில கட்டி, பிரீசரில 4 நாள். வண்டு முட்டைக்கு அது போதும். எடுத்த பிறகு பையை உடன அவிழ்க்கவேண்டாம். குளிர் போகும்வரைக்கும் வேர்வை வெளிப்பக்கம் நிக்கட்டும். வெயில் பட்ட அரிசி கொஞ்சம் வெடிக்கும், கஞ்சிக்கும் புட்டு மாவுக்கும் பரவாயில்லை. சிவப்புப் பச்சையரிசியை மட்டும் அதிகம் சேர்க்கவேண்டாம். தவிட்டு எண்ணெய் சில மாசத்தில காறிப்போகும். தீட்டின வெள்ளையரிசிதான் நாள்பட நிக்கும்.

உப்புவெளி அக்கா:
13 மணித்தியாலம் கறண்ட் போன காலத்தில பிரீசரை நம்பச் சொல்லுறீர்!

தபால்கந்தோர் வீதி:
கறண்ட் இருக்கிற காலத்தில 4 நாள்தானே அக்கா. பிறகு அலுமாரியில வைக்கலாம். ஓவனைத்தான் விடமாட்டியள் எண்டால் போத்தலை வெளியில வைச்சிட்டு, பயறைத் தட்டில மெல்லிசாப் பரப்பி 70 பாகையில அரை மணித்தியாலம் விடுங்கோ. ஆறினாப் பிறகு அடையுங்கோ.

உப்புவெளி அக்கா:
தட்டெண்டால் சரி, செய்து பாக்கிறன். ஆனா நான் முந்தி அடைச்ச போத்தல் ஒண்டிலும் வேர்வை இல்லை, சும்மா பயப்படுத்தாதையும்.

தம்பலகாமத்தான்:
சூடு பட்ட பயறை விதைக்கு எடுத்துப்போடாதேங்கோ அக்கா, முளைக்காது. விதைப்பயறை வேற பேணியில வையுங்கோ.